ராஜினாமாக் கடிதத்துக்கு முன்

ஓர் உபவாசக் கூட்டத்தில் அழுது ஜெபித்துவிட்டு, மறுநாளே முழுநேரத் தேவ ஊழியத்துக்குப் போகிறேன் என்று ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கொடுப்பதற்கு முன் சபை மூப்பர் ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, கடன் எவ்வளவு பாக்கி?" எனக்குக் கோபம் வந்தது. ஆண்டவர் அழைக்கிறார், இவர் கடனைப் பேசுகிறாரே! ஆனாலும் கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன். இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது.

நீங்களும் அப்படி ஒரு கடிதத்தோடு நின்றால், முதலில் ஒரு நோட்டு வாங்கி, அழைப்பைத் தேதியோடு எழுதுங்கள். "ஊழியம் செய்ய வேண்டும்" என்று எழுதினால் போதாது. யாருக்காக மனதில் பாரம்? சிறையில் இருப்பவர்களுக்கா, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கா? கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை மட்டும் ஆதாரமாக எழுதாதீர்கள். தொடர்ந்து வாசித்துவரும் பகுதியில் திரும்பத் திரும்ப உங்களை நிறுத்தும் வசனத்தை எழுதுங்கள்.

நோட்டின் மறுபக்கத்துக்கு, வேதாகமத்தில் பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியாவைப் படியுங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது என்று யூதர்களின் கிஸ்லேயு மாதத்தில் கேள்விப்பட்டு அழுதார், உபவாசித்தார். ராஜாவிடம் வாய் திறந்ததோ நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய 4 மாதம். ராஜா கேட்டதும் போய்வரும் காலத்தைக் குறித்துச் சொன்னார்; வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டார்; வனக் காவலன் ஆசாப்பிடம் மரம் வாங்க உத்தரவு கேட்டார். முழங்காலில் இருந்த நாட்களிலேயே மரக்கணக்கும் மனதில் ஓடியிருக்க வேண்டும். உங்கள் மரக்கணக்கை எழுதுங்கள்: கடன், வயதான பெற்றோர், பிள்ளைகளின் படிப்பு, மாத வருமானம். திருமணமானவர்கள், வாழ்க்கைத் துணையின் மனம் இசையும்வரை புறப்படவே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

பிறகு ஒரு மூத்தவரிடம் போங்கள். உங்களிடம் "பொறு" என்று சொல்லத் தயங்காதவராக இருக்கட்டும். கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் மூன்று தரம் ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். கண் மங்கிய அந்த முதியவர் சொல்லிக்கொடுத்த பிறகே, "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்றான். விடிந்ததும் அவன் செய்தது என்ன? ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். காத்திருக்கும் காலத்தில் கையிலுள்ள வேலையை விடாதீர்கள். அந்த இரண்டு வருடமும் ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைகளின் வகுப்பை எடுத்தேன். அழைப்பு மங்கவில்லை, யாருக்காக என்பதுதான் தெளிவானது.

ஆனால் கணக்கு முழுவதும் சரியாகட்டும் என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. யோசுவாவின் நாட்களில் இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடக்க வந்தது அறுப்புக்காலம், நதி கரைபுரண்டு ஓடுகிறது. ஆசாரியர்களின் கால்கள் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகே நதி நின்றது. எனக்கும் கடன் அடைந்தது, மனைவி சம்மதித்தாள், மூப்பர் தலையில் கைவைத்து ஜெபித்தார். நோட்டில் "மாத வருமானம்" என்ற வரிக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்த வரி காலியாக இருக்கும்போதே, மடித்துவைத்த கடிதத்தை எடுத்துப் புதுத் தேதி போட்டுக் கொடுத்தேன்.