முதுநிலைப் படிப்பு, பணம், தங்குமிடம்: வேலூர்ப் பகுதி மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டில், இளநிலை இறுதியாண்டை முடிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எந்தக் கல்லூரியில் சேரலாம்?” பணத்தையும் தங்குமிடத்தையும் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, இரண்டாம் பருவத்திலேயே படிப்பை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, இம்மூன்றையும் ஒரே நோட்டில், ஒரே நேரத்தில் எழுதிப் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும்.

முதல் படி: படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

நோட்டின் முதல் பக்கத்தில், இந்தப் படிப்பு முடிந்ததும் எந்த வேலைக்கு அல்லது எந்தத் தேர்வுக்குச் செல்லப்போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியம் வரவில்லை என்றால், கல்லூரிகளின் பட்டியலைத் தொட வேண்டாம்.

வாக்கியம் வந்துவிட்டால், அடுத்து நாட்காட்டியைப் பாருங்கள். நம் பகுதி மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வும், எம்.டெக். படிப்புக்கான கேட் தேர்வும் பிப்ரவரியில் நடக்கின்றன. ஆனால் அவற்றுக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் முதுநிலைத் தேர்வும், எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வும் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். சேர்வதற்கு 2023 முதல் சீட்டா என்ற தனித்தேர்வு நடக்கிறது. இறுதியாண்டு தொடங்கும்போதே இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளாதவர், மதிப்பெண் எவ்வளவு வைத்திருந்தாலும் ஓராண்டு காத்திருக்க நேரும்.

உள்ளூரிலேயே படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. 2002இல் தொடங்கப்பட்டு இன்று சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், ஓட்டேரியில் உள்ள முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி, ஊரீசு கல்லூரி, காட்பாடி ஆக்சீலியம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி என்று நம்மைச் சுற்றியே பல வழிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியாக இருந்தாலும், விளம்பரத்தை விட்டுவிட்டு மூன்று விவரங்களை நேரில் போய்க் கேளுங்கள்: துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், நீங்கள் சேரும் இடம் அரசு உதவிபெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா. ஒரே கல்லூரியில், ஒரே பெயருள்ள பட்டத்துக்கு, இவ்விரு பிரிவுகளின் கட்டணம் வேறு வேறாக இருக்கும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அலுவலகத்தைவிட, துறையின் வாசலில் நிற்கும் இரண்டாமாண்டு மாணவர்களிடம் நேர்மையான பதில் கிடைக்கும்.

இரண்டாம் படி: முழுச் செலவைக் கணக்கிடுதல்

கட்டண ரசீதில் உள்ள தொகை படிப்பின் செலவு ஆகாது. இடது பக்கத்தில் இருபத்து நான்கு மாதங்களுக்கான செலவையும், வலது பக்கத்தில் உறுதியாக வரக்கூடிய பணத்தையும் எழுதுங்கள். கட்டணம், தேர்வுக் கட்டணம், வாடகை, மெஸ், பேருந்து, புத்தகம், இறுதிப் பருவத்தின் புராஜெக்ட் செலவு ஆகிய அனைத்தும் இடது பக்கத்தில் வர வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு வாடகை 3,500 ரூபாய், சாப்பாடு 4,000 ரூபாய், மற்றவை 1,500 ரூபாய் என்றால் மாதம் 9,000 ரூபாய் ஆகிறது. விடுமுறை மாதங்களைக் கழித்து இருபது மாதங்களுக்குப் பார்த்தாலும் 1,80,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் சேர்பவருக்குக் கட்டணத்தைவிட இந்தத் தொகையே பல மடங்கு பெரியது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

மூன்றாம் படி: உதவித்தொகையும் கடனும்

கேட் தேர்வில் தகுதி பெற்று, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகரித்த கல்லூரியில் முழுநேர எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் கிடைக்க வழி உண்டு. ஆய்வுப் படிப்புக்குச் செல்பவர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதியைப் பெற்றால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் பெறலாம். ஆனால் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொண்டுதான் சேர வேண்டும்.

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்குரிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முதுநிலைக்கும் பொருந்தும். தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும். அதை முதுநிலைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருமானச் சான்றிதழின் ஓராண்டுக் காலம் முடிந்துவிட்டதைக் கவனிக்காமல் பழைய நகலையே இணைத்ததால், எனக்கு இரண்டாம் ஆண்டு உதவித்தொகை வரவில்லை. அந்த ஆண்டு என் அம்மா கம்மலை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினார். ஆகவே ஜூன் மாதத்திலேயே இ-சேவை மையத்தில் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். ஆதார் உங்கள் வங்கிக் கணக்குடன் இணைந்திருக்கிறதா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால் மட்டும் கல்விக் கடன். வங்கிகளின் பொதுவான திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை, 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர் தரக் கல்வி நிறுவனங்களுக்கு ஈடும் ஜாமீனும் இன்றிக் கடன் கிடைக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவி பெறாதவராக இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு.

கடன் வாங்குமுன் வட்டியை நோட்டில் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் இரண்டு ஆண்டுகள், 10 விழுக்காடு தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, முதல் 2 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 60,000, இரண்டாவதற்கு இரண்டு ஆண்டு வட்டி 40,000 சேர்ந்து, 4 லட்சம் 5 லட்சமாக நிற்கும். முடிந்தவர்கள் படிக்கும்போதே மாத வட்டியைக் கட்டிவிடுவது நல்லது. முதலாண்டில் அது மாதம் சுமார் 1,667 ரூபாய்தான்.

நான்காம் படி: இடத்தை உறுதிசெய்தல்

முதலில் இடம் கொடுத்த கல்லூரியில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு விரும்பிய இடம் கிடைத்தால் என்ன செய்வது என்ற பயம் பலருக்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்கள் முன்பே விலகினால் முழுக் கட்டணத்தையும், அதற்குப் பிறகு கடைசி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காட்டையும், கடைசி நாள் கடந்து பதினைந்து நாட்களுக்குள் 80 விழுக்காட்டையும், முப்பது நாட்களுக்குள் 50 விழுக்காட்டையும் திருப்பித் தர வேண்டும். முழுத் தொகையைத் தரும்போது மட்டும் சிறிய நடைமுறைக் கட்டணம் பிடித்துக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உள்ளது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள்.

ஐந்தாம் படி: தங்குமிடம்

முதலில், தங்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஆம்பூர், குடியாத்தம், அரக்கோணம் பக்கமிருந்து காட்பாடிக்கு ரயிலில் தினமும் வந்துபோக மாணவர் சீசன் டிக்கெட் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்பதால், மாணவியர் வாடகை குறைவான தொலைவுப் பகுதியைத் தயங்காமல் பார்க்கலாம். அடுத்து, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை ஆகியவற்றின் கல்லூரி மாணவர் விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். கல்லூரி திறந்தவுடன் அவற்றுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

வெளியே அறை தேடுபவர்கள், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெரு ஆகிய பகுதிகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். வெளிமாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்காக அங்கே நாள் வாடகைதான் வழக்கம். சத்துவாச்சாரி, விருதம்பட்டு, காட்பாடி காந்தி நகர் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் மாத வாடகைக்குப் பாருங்கள்.

அறையைப் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். வேலூர் வெயில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்; மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், காலை பத்து மணிக்குத் தெரியாத சூடு மூன்று மணிக்குச் சுவரில் கை வைத்தாலே தெரியும். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர் போர்வெல்லா, மாநகராட்சியா, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் பாலாற்றைச் சொல்லும் ஊரில் இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அறைக்கென்று தனி மின் சப்-மீட்டர் இருந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

முன்பணம் தருவதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. காலிசெய்யும்போது பெயின்ட் அடிக்கவென்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளிலேயே சுவரின் கறைகள், உடைந்த தாழ்ப்பாள், மீட்டரில் ஓடும் எண் ஆகியவற்றைப் படம் எடுத்து, வீட்டு உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.