பஸ்ஸர் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதில் வரும் தவறுகள்

பஸ்ஸருக்கு வால்யூம் வேண்டும் என்றதும் பலர் டூட்டி சைக்கிளை, அதாவது ஒவ்வொரு அலையிலும் சிக்னல் ஹையில் இருக்கும் நேரத்தின் சதவீதத்தை, 0 முதல் 100 வரை ஓட விடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிடபிள்யூஎம் (பல்ஸின் அகலத்தை மாற்றும் முறை) அலையில் 50 சதவீதத்தில்தான் சத்தம் உச்சம். அதைத் தாண்டினால் இறங்கத் தொடங்கும். 75-உம் 25-உம் காதுக்கு ஒன்றுதான்.

சரி, 0 முதல் 50 வரை சமமாகப் பிரித்தால்? அதுவும் ஒத்துவராது. 50-லிருந்து 25-க்கு வந்தால் அடிப்படைச் சுரத்தில் குறைவது வெறும் 3 டெசிபல். பாதியாகிவிட்டது என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். கணக்குப்படி 50, 10, 3, 1 சதவீதம் என்று நான்கு நிலைகள் வைத்தால் ஒவ்வொரு படிக்கும் சுமார் 10 டெசிபல் இறங்கும். நான்கு எண்கள் உள்ள ஒரு அட்டவணையே போதும். டூட்டி குறையக் குறைய ஒலி கொஞ்சம் மெலிந்து கீச்சென்று வரும், அது இயல்புதான்.

இதற்கெல்லாம் முன்பு, கையில் இருப்பது வெளியிலிருந்து அலை கொடுத்தால்தான் ஒலிக்கும் பாசிவ் பஸ்ஸர்தானா என்று பாருங்கள். டிசி கொடுத்ததும் தானாகவே தொடர்ந்து கத்தினால் அது ஆக்டிவ் வகை. அதற்குள்ளேயே ஆஸிலேட்டர் இருப்பதால், பிடபிள்யூஎம் கொடுத்தால் கரகரப்புதான் மிஞ்சும்.

அதிகம் பேர் கவனிக்காதது அதிர்வெண்ணை மாற்றும் இடம். எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரில் டைமர் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோஹெர்ட்ஸுக்கு ரீலோடு மதிப்பு (டைமர் எண்ணி முடித்து மீண்டும் தொடங்கும் எண்) 499, பாதி டூட்டிக்கு கம்பேர் மதிப்பு (அவுட்புட் ஹையிலிருந்து லோவுக்கு மாறும் எண்) 250. இப்போது ரீலோடை மட்டும் 249 ஆக்கி 4 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால், கம்பேர் அதைவிடப் பெரிதாகிவிடும். அவுட்புட் பின் (pin) ஒரேயடியாக ஹையில் நிற்கும், சத்தமே வராது. 42 ஓம் காயில் உள்ள மேக்னெடிக் பஸ்ஸர் என்றால் 5 வோல்ட்டில் சுமார் 120 மில்லிஆம்பியர் சும்மா ஓடிச் சூடேற்றும். ரீலோடை மாற்றும்போதெல்லாம் கம்பேரையும் சேர்த்தே கணக்கிட்டு எழுதுங்கள். அப்புறம், அந்தக் கரண்ட்டை மைக்ரோகன்ட்ரோலர் பின் நேரடியாகத் தாங்காது. டிரான்சிஸ்டரும் காயிலுக்குக் குறுக்கே டயோடும் கட்டாயம்.

பீசோ வகையில் (காயிலுக்குப் பதில் மின்னழுத்தத்தில் அதிரும் தட்டு உள்ளது), ரெசொனன்ஸை, அதாவது தட்டு இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்ணை, விட்டு விலகினாலே சத்தம் விழுந்துவிடும். டூட்டியைக் குறை சொல்வதற்கு முன் டேட்டாஷீட்டில் உள்ள அதிர்வெண்ணில் ஒருமுறை ஒலித்துப் பாருங்கள்.

லினக்ஸில் பஸ்ஸரை இயக்கும் பிடபிள்யூஎம்-பீப்பர் டிரைவருக்கு எஸ்என்டி_டோன் என்ற ஒலிக் கட்டளை வழியாக அனுப்பும் மதிப்பை வால்யூம் என்று நினைத்து 10, 20 என்று அனுப்பக் கூடாது. அது ஹெர்ட்ஸில் சொல்லும் அதிர்வெண், 0 அனுப்பினால் ஒலி நிற்கும்.

கடைசியாக, மருத்துவக் கருவி, தீ எச்சரிக்கை போன்றவற்றில் பயனருக்கான மிகக் குறைந்த நிலை பூஜ்ஜியமாக இருக்கவே கூடாது. பட்டன் பீப்பை முழுக்க அணைக்கலாம். அலாரத்துக்குத் தனி அட்டவணை வையுங்கள், அதன் கடைசிப் படியை பெட்டியை மூடிய நிலையில், அறைக்கு வெளியே நின்று கேட்டு முடிவு செய்யுங்கள்.