மியூசிக் பிளேயரை ஸ்பீக்கரோடு இணைப்பது எப்படி?

கையடக்க மியூசிக் பிளேயரையும் ஸ்பீக்கரையும் சேர்க்க ஒரு சாதாரண வயர் போதும். அதை எந்தத் துளையில் செருகுவது, எந்த வால்யூமைக் கூட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

1. பின்னைப் பாருங்கள்

பிளேயரில் ஹெட்போன் செருகும் வட்டத் துளை பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர். அதற்கான வயரின் பின்னைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் இரண்டு அந்த உலோகத்தை மூன்றாகப் பிரித்திருக்கும். நுனி இடப்பக்க ஒலிக்கு, நடுப்பகுதி வலப்பக்கத்துக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். கோடுகள் மூன்று இருந்தால் அது மைக் சேர்ந்த வகை. ஸ்பீக்கருக்கு இரண்டு கோட்டு வயரையே வாங்குங்கள்.

வட்டத் துளையே இல்லாத கருவிக்கு, டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் சில்லு) உள்ள டைப்-சி அடாப்டர் வேண்டும்.

2. ஸ்பீக்கரின் பின்பக்கம்

சிறிய ஸ்பீக்கரில் ‘ஆக்ஸ்’ என்ற துளை இருந்தால் இருபுறமும் 3.5 பின் உள்ள வயர் போதும். ஹோம் சிஸ்டம் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ துளைகள் இருக்கும். ஒரு முனையில் 3.5 பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் கொண்ட வயர் அதற்கு. சிவப்பு வலம், வெள்ளை இடம். ‘ஆக்ஸ்’, ‘சிடி’ எதில் வேண்டுமானாலும் செருகலாம்.

‘ஃபோனோ’ பக்கம் மட்டும் போகாதீர்கள். இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலுக்கான வாசல் அது. வருவதைப் பல மடங்கு பெருக்கி, பாஸையும் தூக்கிவிடும். நானும் முதல் நாள் அதில்தான் செருகினேன். தபேலா மட்டும் திம்மென்று எழும்ப, பாடியவர் கரகரத்துப் போனார்!

வயரைப் பிடிக்கும் இரண்டு முனைகள் மட்டுமே உள்ள பெட்டிக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவை. பிளேயரால் அதை ஓட்ட முடியாது.

3. வால்யூம்

இரண்டு வால்யூமையும் குறைத்துவிட்டுச் செருகுங்கள். ‘கிளிக்’ என உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், பிளேயரின் உறை பின்னைத் தடுக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரில் செருகிய துளையின் பெயரையே தேர்ந்தெடுத்து, பாட்டை ஓடவிட்டு, பிளேயரை 80 சதவீதம் வரை உயர்த்துங்கள். மிச்சத்தை ஸ்பீக்கரில் கூட்டிக்கொள்ளலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிளேயரைத் தாழ்த்தி ஸ்பீக்கரை முழுக்க ஏற்றினால் பாட்டோடு ‘ஸ்ஸ்’ இரைச்சலும் பெருகி வரும். பிளேயரையே உச்சத்தில் வைத்தால் சிலவற்றில் ஒலி உடையும்.

4. ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம்

பிளேயரைச் சார்ஜில் போட்டபடி கேட்கிறீர்களா? சார்ஜரைக் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜர், ஸ்பீக்கர் இரண்டின் எர்த் வழியாகவும் மின்சாரம் சுற்றிவருவதால் எழும் இரைச்சல். பேட்டரியில் கேட்பதுதான் எளிய வைத்தியம்.

5. புளூடூத்

ஸ்பீக்கரில் புளூடூத் பொத்தானை விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடித்து, பிளேயரின் பட்டியலில் அதன் பெயரைத் தொடுங்கள். பெயர் வரவில்லையா? முன்பு இணைத்த போன் ஏதாவது அடுத்த அறையிலிருந்து ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.