கெப்ளர் வாலட்டில் ஸ்டேக்கிங்கும் செயின் விட்டுச் செயின் அனுப்புவதும்: புதியவர்களுக்குப் படிப்படியாக

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் 'ஸ்டேக்கிங்' என்று இரண்டு வகை ஆட்கள் பேசுகிறார்கள். 'ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என் கணக்கில் போடுங்கள், மாதம் நூறு வெள்ளி நிச்சயம்' என்பவர்கள் ஒரு வகை. உண்மையிலேயே ஸ்டேக் செய்கிறவர்கள், அதாவது தங்கள் டோக்கனை (கிரிப்டோ காசை) ஒரு செயினின் (பொதுக் கணக்கேட்டின்) பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்துப் பரிசு வாங்குகிறவர்கள், இன்னொரு வகை. இவர்கள் அதிகம் பேசுவதில்லை. இருவரையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: ஸ்டேக் செய்த பிறகு டோக்கன் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் வாலட்டின் (சாவியை வைத்திருக்கும் மென்பொருளின்) பெயரிலேயே இருக்கிறது, திரும்ப எடுக்கும் சாவியும் உங்களிடம்தான் என்றால் அது ஸ்டேக்கிங். 'எங்களுக்கு அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் எழுந்து போய்விடுங்கள்.

இந்த விளக்கத்துக்கு காஸ்மாஸ் செயினையும், அதன் ஏட்டம் டோக்கனையும், கெப்ளர் என்ற பிரவுசர் வாலட்டையும் எடுத்துக்கொள்கிறேன். எத்தீரியம் செயினில் சொந்தமாக வேலிடேட்டர் (கணக்கைச் சரிபார்க்கும் கணினி) வைக்க அதன் டோக்கனான ஈத்தர் 32 வேண்டும். செம்பனைத் தோட்டத்துச் சம்பளத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். காஸ்மாஸில் கொஞ்சம் டோக்கனை வைத்தே எல்லாவற்றையும் பழகலாம். முதல் மாதம் 100 வெள்ளிக்கு மேல் போடாதீர்கள். அது முழுவதும் போனாலும் வீட்டில் அரிசிக்குக் குறை வராத காசாக இருக்கட்டும்.

முதலில் வாங்கும் இடம்

மலேசியாவில் கிரிப்டோ சந்தைகள் முதலீட்டுச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செக்கியூரிட்டீஸ் கமிஷனில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவானவற்றின் பட்டியலும், எச்சரிக்கைப் பட்டியலும் கமிஷனின் இணையதளத்திலேயே உள்ளன. நண்பர் சொன்ன பெயரை இரண்டிலும் தேடிப் பாருங்கள். உலகப் புகழ் பெற்ற நிறுவனமாக இருப்பது மட்டும் போதாது: 2021 ஜூலையில் பைனான்ஸ் (Binance) என்ற பெரிய கிரிப்டோ சந்தை மீதே கமிஷன் நடவடிக்கை எடுத்தது. சந்தையைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். ஏட்டம் விற்கிறார்களா? அதை வெளி வாலட்டுக்கு அனுப்ப விடுகிறார்களா? இரண்டாவதைக் கேட்காமல் வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

வாலட்டை நிறுவுவது

இணையக் கடைக் கணினி வேண்டாம், ஆபீஸ் கணினி வேண்டாம், பிள்ளைகள் கேம் இறக்கும் மடிக்கணினியும் வேண்டாம். வீட்டில் ஒரே மடிக்கணினிதான் என்றால் குரோமில் தனி புரொஃபைல் ஒன்று உருவாக்கி, அதில் வேறு எந்த எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் சேர்க்கும் சிறு மென்பொருள்) போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுளில் 'கெப்ளர்' என்று தேடினால் மேலே வருவது சில சமயம் விளம்பரம். போலி வாலட்டுகள் அங்கேதான் காத்திருக்கும். கெப்ளரின் சொந்தத் தளத்து முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்கிருந்து குரோம் ஸ்டோருக்குப் போங்கள். நிறுவியதும் 'புதிய வாலட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரையில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரும்.

இந்தச் சொற்கள்தான் எல்லாம். பாஸ்வேர்டு அந்தக் கணினியில் மட்டும் வாலட்டைத் திறக்கும். சொற்கள் உலகில் எந்தக் கணினியிலும் திறக்கும். பாஸ்வேர்டை மறந்தால் சொற்களைக் கொண்டு மீட்கலாம். சொற்களைத் தொலைத்தால் கெப்ளர் நிறுவனமே நினைத்தாலும் மீட்டுத் தர முடியாது. கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். அந்தப் படம் உங்களுக்குத் தெரியாமலே இணையக் கிடங்குக்கு ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்வதும் அதே ஆபத்துதான். பேனாவால் காகிதத்தில், வரிசை எண்ணோடு, இரண்டு பிரதி எழுதுங்கள். பழைய தோட்ட வீடுகளில் கறையானும் வெள்ளமும் இருக்கிற கதை உங்களுக்கே தெரியும். ஆகவே பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, ஒன்றை உங்கள் வீட்டிலும் இன்னொன்றை நம்பிக்கையான உறவுக்காரர் வீட்டிலும் வையுங்கள். நம்பிக்கையான ஆள் என்றால் உங்கள் திருமணத்துக்கு வந்தவர் எல்லாரும் அல்ல.

பலர் தாண்டிவிடும் வேலை இனிமேல்தான். ஒரு காசும் போடுவதற்கு முன், வாலட்டை எக்ஸ்டென்ஷனிலிருந்தே அழித்துவிடுங்கள். காகிதத்தைப் பார்த்து மறுபடி உள்ளே வாருங்கள். பழைய முகவரியே வந்தால் நீங்கள் எழுதியது சரி. வராவிட்டால் ஒரு சொல்லோ வரிசையோ பிழை. நல்ல வேளை, உள்ளே பணம் இல்லை.

சந்தையிலிருந்து வாலட்டுக்கு

கெப்ளரில் காஸ்மாஸ் ஹப் (காஸ்மாஸ் செயினின் முழுப் பெயர்) முகவரியை நகல் எடுங்கள். அது cosmos என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். சந்தையில் ஒட்டியதும் cosmos1 என்பதற்கு அடுத்து வரும் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் கண்ணால் ஒப்பிடுங்கள். நகல் எடுத்த முகவரியை நடுவிலேயே மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. முதலில் சந்தை அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவை அனுப்பி, வந்து சேர்ந்ததும் மீதியை அனுப்புங்கள். இரண்டு முறை கட்டணம் போகும். போகட்டும்.

ஸ்டேக் செய்வது

கெப்ளரின் ஸ்டேக்கிங் பக்கத்தில் வேலிடேட்டர்களின் நீண்ட பட்டியல் வரும். செயினின் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் கணினிகளை நடத்துபவர்கள் இவர்கள். உங்கள் டோக்கனின் பலத்தை அவர்களில் ஒருவருக்கு ஒதுக்குகிறீர்கள். டோக்கனை எடுத்துச் செலவு செய்ய அவரால் முடியாது. ஆனால் அவர் தவறு செய்தால் உங்களுக்கும் வெட்டு விழும். ஒரே பிளாக்கில் (கணக்கேட்டின் ஒரே பக்கத்தில்) இரண்டு விதமாகக் கையெழுத்திட்டால் ஸ்டேக்கில் 5 சதவீதம் போகும். நீண்ட நேரம் கணினி நின்றுபோனால் 0.01 சதவீதம். அதனால்:

– பட்டியலின் உச்சியில் இருப்பவரை விட்டு நடுவில் உள்ளவரைப் பாருங்கள். எல்லாரும் முதல் பத்துப் பேரிடமே குவிந்தால் செயினுக்கே கெடுதல்.
– உங்கள் பரிசிலிருந்து வேலிடேட்டர் எடுத்துக்கொள்ளும் கமிஷன் மிகக் குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பின்னால் ஏற்றவும் செய்வார்கள். அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம் என்பது அவருடைய பக்கத்திலேயே இருக்கும்.
– ஒருவரிடமே எல்லாவற்றையும் வைக்காமல் இரண்டு மூன்று பேருக்குப் பிரியுங்கள்.

தொகையைப் போடும்போது முழுவதையும் போட்டுவிடாதீர்கள். பரிசை எடுக்கவும், ஸ்டேக்கைத் திரும்ப வாங்கவும் ஒவ்வொரு முறையும் சிறு கட்டணம் ஏட்டத்திலேயே போகும். கொஞ்சம் மிச்சம் இல்லாவிட்டால் உங்கள் காசை நீங்களே தொட முடியாது.

இனி 21 நாள் விஷயம். ஸ்டேக்கை விடுவிக்கச் சொன்னதும் டோக்கன் கைக்கு வராது. 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் பரிசும் இல்லை, விலை சரிந்தாலும் விற்க முடியாது. தைப்பூசத்துக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ ஒதுக்கிய பணத்தை இதில் போட்டால், விழா முடிந்த பிறகுதான் கைக்கு வரும். வேலிடேட்டரை மட்டும் மாற்ற வேண்டுமானால் காத்திருக்கத் தேவையில்லை, உடனே மாறும். ஆனால் மாற்றிய அதே டோக்கனை அடுத்த 21 நாளுக்கு இன்னொருவருக்கு மாற்ற முடியாது.

பக்கத்தில் காட்டும் ஆண்டு விகிதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பரிசின் பெரும்பகுதி புதிதாக அச்சடிக்கப்படும் டோக்கன்தான். எண்ணிக்கை கூடியும் வெள்ளிக் கணக்கில் குறைந்து போகலாம்.

ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்கு

காஸ்மாஸ் குடும்பத்துச் செயின்களுக்குள் அனுப்ப ஐபிசி என்ற முறை 2021-இல் வந்தது. காஸ்மாஸிலிருந்து ஆஸ்மோசிஸ் செயினுக்கு ஏட்டம் அனுப்புவதை எடுத்துக்கொள்வோம். உண்மையில் டோக்கன் பயணம் செய்வதில்லை. காஸ்மாஸில் அது பூட்டப்படுகிறது. ஆஸ்மோசிஸில் அதற்கு ஈடான சீட்டு ஒன்று பிறக்கிறது. அடகுக் கடை ரசீது மாதிரி: ஈப்போவில் வைத்த நகைக்கான ரசீதைத் தைப்பிங் கடையில் காட்டினால் நகை வராது. ஏட்டத்தை மூன்றாவது செயின் வழியாகச் சுற்றி அனுப்பினால் ஆஸ்மோசிஸில் கிடைப்பது வேறு சீட்டு; அதை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். எப்போதும் பிறந்த செயினிலிருந்து நேராக அனுப்புங்கள். போன வழியிலேயே திரும்ப அழைத்து வாருங்கள்.

கெப்ளரில் அனுப்பும் பக்கத்தில் போய்ச் சேரும் செயினாக ஆஸ்மோசிஸைத் தேர்ந்தெடுத்து, உங்கள் சொந்த ஆஸ்மோசிஸ் முகவரியைப் போட்டு, மிகச் சிறிய தொகையை அனுப்புங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் வந்துவிடும். இரண்டு செயினுக்கும் நடுவே செய்தி சுமக்கும் கணினி தூங்கிவிட்டால் தாமதமாகும்; குறித்த நேரத்துக்குள் சேராவிட்டால் தொகை உங்கள் காஸ்மாஸ் முகவரிக்கே திரும்பும். அந்த நேரத்தில் பதறிப்போய் டெலிகிராமில் 'உதவி' கேட்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவர் உதவிக்கு வருவார், பத்தாவது நிமிடத்தில் 12 சொல்லைக் கேட்பார்.

எத்தீரியம், பாலிகான் போன்ற மற்ற செயின்களுக்குப் போக 'பிரிட்ஜ்' (இரண்டு செயின்களை இணைக்கும் பாலம்) தேவைப்படும். புதியவர்கள் அதை ஆறு மாதமாவது தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. 2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜில் 1,73,600 ஈத்தர் திருடு போனது. அந்தப் பாலத்தைக் காத்தவை ஒன்பது சாவிகள். திருடர்களுக்கு அவற்றில் ஐந்து கிடைத்ததே போதுமானதாக இருந்தது. அதற்கு முந்தைய மாதம் வார்ம்ஹோல் பிரிட்ஜில் 1,20,000 ஈத்தர் போனது. அங்கே சாவி திருடப்படவில்லை; நிரலில் இருந்த ஓட்டையே போதுமானதாக இருந்தது.

கையெழுத்துத் திரை

கெப்ளர் 'அனுமதி' கேட்கும்போது எதற்கு என்று வாசியுங்கள். பரிசு எடுக்கப் போய் 'அனுப்பு' என்று திரை வந்தால் நிராகரியுங்கள். திடீரென்று துளி ஏட்டம் வந்து, கூடவே ஒரு குறிப்பில் 'இலவச டோக்கனுக்கு இங்கே போங்கள்' என்று இணைப்பு இருந்தால் அது தூண்டில். செயினின் மாற்றங்களுக்கு ஸ்டேக் செய்தவர்கள் வாக்களிக்கும் பக்கத்திலும் இப்படிப்பட்ட போலி அறிவிப்புகள் வந்திருக்கின்றன.

ஏமாந்து வங்கியிலிருந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே 997-ஐ அழையுங்கள்; தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. வாலட்டிலிருந்து போன டோக்கனை அந்த எண்ணால் திருப்ப முடியாது. சொற்கள் கசிந்தன என்று சந்தேகம் வந்தால், புது வாலட் திறந்து, ஸ்டேக் செய்யாத டோக்கனை அந்த நிமிடமே மாற்றுங்கள்.

வெள்ளியாக்குவது

ஸ்டேக்கை விடுவித்து, 21 நாள் கழித்து, ஆஸ்மோசிஸில் இருப்பதையும் காஸ்மாஸுக்குத் திருப்பிக்கொண்டு, அங்கிருந்துதான் சந்தைக்கு அனுப்ப வேண்டும். ஐபிசி வழியாக நேரே சந்தை முகவரிக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் கணக்கில் ஏறாமல் நின்றுவிடலாம். சந்தை ஒரு 'மெமோ' எண் தந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள். அந்த முகவரி எல்லா வாடிக்கையாளருக்கும் பொது; யார் பணம் என்று அவர்கள் அறிவது மெமோவை வைத்துத்தான். விற்ற வெள்ளி உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே போகும். மனைவி கணக்கு, மகன் கணக்கு என்று முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.