இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இன்டர்ன்ஷிப்: எட்டு வாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்பிஏ முதலாண்டு முடிந்ததும் ஏப்ரலில் மும்பைக்குப் போனேன். நிறுவனங்கள் பணம் திரட்டவும் ஒன்றையொன்று வாங்கவும் ஆலோசனை சொல்லும் ஓர் இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் இன்டர்ன்ஷிப். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் அலுவலகம். குர்லா ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். எட்டு வாரம். ஒரு நிறுவனத்துக்கு இனி வரப்போகும் பணத்தை வைத்து இன்றைய மதிப்பைக் கணிக்கும் டிசிஎஃப் மாடலை மனப்பாடமாகப் போடும் அளவுக்குத் தயாராகிப் போயிருந்தேன். அங்கே என்னிடம் யாரும் டிசிஎஃப் கேட்கவில்லை. அவர்கள் பார்த்தது ஒன்றைத்தான்: இந்தப் பையன் கொடுக்கும் எண்ணை இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்க்காமல் வாடிக்கையாளர் முன்னால் வைக்க முடியுமா? கீழே வரும் தவறுகள் எல்லாமே இந்தக் கேள்வியில் போய்த்தான் முடியும்.

முதல் தவறை நானே செய்தேன். இரண்டாம் வாரம், ஒரு நிறுவனத்துக்கு மதிப்பு போட வேண்டியிருந்தது. அதே தொழிலில் பங்குச் சந்தையில் இருக்கும் ஏழு நிறுவனங்கள், தங்கள் எபிட்டாவைப் போல எத்தனை மடங்குக்கு விலைபோகின்றன என்று அட்டவணை போடச் சொன்னார்கள். வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபம்தான் எபிட்டா. சந்தை மதிப்போடு நிகரக் கடனை, அதாவது கையிருப்புப் பணம் போக மிஞ்சும் கடனைக் கூட்டி, எபிட்டாவால் வகுக்க வேண்டும். கணக்கு என்னவோ பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பு 6,200 கோடி. எபிட்டா 532 கோடி என்று முதலீட்டாளர்களுக்கான அவர்களுடைய ஸ்லைடில் இருந்தது. நிகரக் கடனை ஆண்டறிக்கையிலிருந்து எடுத்தேன்: 18,400. அந்தப் பக்கத்தின் வலது மூலையில், பொடி எழுத்தில், “ரூபாய் லட்சத்தில்” என்று போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. 184 கோடி கடன் என் அட்டவணையில் 18,400 கோடியாக ஏறிவிட்டது. 12 மடங்கு வர வேண்டிய இடத்தில் 46 மடங்கு. ஏழு நிறுவனங்களின் சராசரி 12-லிருந்து 17-க்குப் போய்விட்டது. இரவு பதினொன்றரைக்கு மெயில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் என் வேலையைப் பார்க்கும் சீனியரான அசோசியேட் அந்தத் தாளை எடுத்தார். ஒரு ஃபார்முலாவையும் திறக்கவில்லை. 46 மேல் பேனாவை வைத்து, “மற்ற ஆறும் பத்திலிருந்து பதினாலுக்குள் இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தப்பான எண் வந்ததைவிட, அந்த எண்ணை நான் ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை என்பதுதான் அவரை வருத்தியது.

அன்றிலிருந்து மூன்று பழக்கங்கள் வைத்துக்கொண்டேன். எண்ணை எடுக்கும் முன் பக்கத்தின் மேல் மூலையைப் பார்ப்பது: லட்சமா, கோடியா, மில்லியனா? கையால் அடித்த எண்ணுக்கு நீல நிறம், ஃபார்முலாவுக்குக் கறுப்பு. இது இந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். நீல எண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே எந்த அறிக்கை, எந்தப் பக்கம் என்ற குறிப்பு. கடைசியாக, அனுப்பும் முன் பிரின்ட் எடுத்துப் பென்சிலோடு உட்கார்வது. திரையில் கண்ணுக்குத் தப்புவது தாளில் மாட்டும்.

கடன் விஷயத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இன்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கு விதி நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நீண்டகாலக் குத்தகை வாடகையின் பெரும்பகுதி, தேய்மானம் என்றும் வட்டி என்றும் பிரிந்துவிடும். அதனால் எபிட்டா கூடித் தெரியும். அப்படிக் கூடிய எபிட்டாவை எடுத்தால் குத்தகைக் கடனையும், அதாவது இனி கட்ட வேண்டிய வாடகையையும், கடனில் சேர்க்க வேண்டும். கூடிய எபிட்டாவை எடுத்துக்கொண்டு அந்தக் கடனை விட்டால், நிறைய கடைகளை வாடகைக்கு வைத்திருக்கும் சில்லறை விற்பனை நிறுவனம் இருப்பதைவிட மலிவாகத் தெரியும். தனி நிறுவனக் கணக்கையும் குழுமக் கணக்கையும் கலப்பது, மார்ச்சில் ஆண்டு முடியும் நிறுவனத்தை டிசம்பரில் முடியும் நிறுவனத்தோடு அப்படியே ஒப்பிடுவது ஆகியவையும் இதே வகைத் தவறுகள்.

வேலையை வாங்கும்போது நடக்கும் தவறு வேறு. “சரி சார்” என்று தலையாட்டிவிட்டு, இருக்கைக்கு வந்தபிறகு என்ன கேட்டார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்போம். கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம். எழுந்து வருவதற்கு முன்பே, “ஏழு நிறுவனம், மூன்று வருடம், நாளைக் காலை பத்துக்குள், சரியா?” என்று திருப்பிச் சொல்லிவிடுங்கள். பத்து நொடி ஆகும், ஆனால் ஓர் இரவு மிச்சம். அனுப்பியபிறகு தவறு கண்ணில் பட்டால், யாராவது பார்ப்பார்களா என்று காத்திருக்காதீர்கள். எந்தப் பக்கம், பழைய எண் என்ன, புது எண் என்ன என்று உடனே எழுதுங்கள்.

அடுத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்: வாய். தினமும் இரவு அப்பா போன் செய்வார். “எந்தக் கம்பெனி வேலைப்பா ஓடுது?” பாசத்தில் கேட்பதுதான். “அதைச் சொல்லக் கூடாதுப்பா” என்று முதல் தடவை சொன்னபோது அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் சொல்லக் கூடாது. பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றில் ஒருவருடைய வாக்குரிமை 25 சதவீதத்தைத் தொட்டால், பொதுப் பங்குதாரர்களிடம் இன்னும் 26 சதவீதம் வாங்க முன்வர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2011 விதி. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் பங்கு விலை நகரும். அதை முன்பே தெரிந்துகொண்டு வாங்குவதும், இன்னொருவருக்குச் சொல்வதும் செபியின் 2015 உள்வணிகத் தடை விதிகளின்படி குற்றம். சொன்னவர் இன்டர்ன் என்பதால் விலக்கு இல்லை. இப்படிப்பட்ட தகவல் யார் யாரிடம் போனது என்பதைப் பான் எண்ணோடு பதிந்துவைக்கும் மின்பதிவேடும் கட்டாயம்.

இதனால்தான் ஒவ்வொரு வேலைக்கும் புனைபெயர் வைக்கிறார்கள். லிஃப்டில் பேசாதீர்கள். லோக்கல் ரயிலில் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் “பெரிய டீல்” என்று குறிப்புகூடக் கொடுக்காதீர்கள். முடித்து வந்தபிறகு ரெஸ்யூமேயில் வாடிக்கையாளர் பெயரை எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு வராத டீல் என்றால் துறையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தும் சீனியர் கிளம்பும்வரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதும் தவறுதான். 2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு வங்கியில் கோடைக்காலப் பயிற்சியில் இருந்த 21 வயது மாணவர் தான் தங்கியிருந்த இடத்தில் இறந்துகிடந்தார். வலிப்பு நோயால் வந்த மரணம் என்று விசாரணை சொன்னது. களைப்பும் காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. 2015-இல் கோல்ட்மேன் சாக்ஸ் தன் கோடைக்கால இன்டர்ன்கள் நள்ளிரவிலிருந்து காலை ஏழு மணிவரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று விதித்தது. அந்த லட்சத்தைக் கோடியாகப் படித்த இரவுக்கு முந்தைய இரண்டு இரவும் நான் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடைசி வாரம் எல்லோருக்கும் பிபிஓ, அதாவது படிப்பு முடியும் முன்பே அதே இடத்தில் வேலைக்கான அழைப்பு, கிடைக்குமா என்ற ஒரே நினைப்பு. அந்தப் பதற்றத்தில் கையிலிருக்கும் கோப்புகளை அப்படியே விட்டுப் போய்விடுவார்கள். நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு தாளில் எழுதி வைத்தேன்: எந்தக் கோப்பு கடைசி வடிவம், எந்த எண்கள் தணிக்கை செய்த அறிக்கையிலிருந்து வந்தவை, எந்த மூன்று எண்களை இன்னும் சரிபார்க்கவில்லை. அசோசியேட் அதை வாங்கி முழுவதும் படித்தார். பிறகு அந்த மூன்று எண்களை மட்டும் வட்டமிட்டு, தனக்குக் கீழே வேலை பார்க்கும் அனலிஸ்ட் மேசையில் வைத்தார்.