ஜான் மியூர் டிரெயிலுக்கு பெர்மிட் எடுப்பது எப்படி

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி சிகரத்தில் முடியும் ஜான் மியூர் டிரெயில் என்ற மலை நடைபாதையின் நீளம் 211 மைல், ஏறக்குறைய 340 கிலோமீட்டர். வழியில் மூன்று தேசியப் பூங்காக்கள் குறுக்கிட்டாலும் பெர்மிட் ஒன்றே போதும். முதல் நாள் எங்கிருந்து காட்டுக்குள் நுழைகிறீர்களோ, அந்தப் பகுதியின் அலுவலகமே பயணம் முழுவதற்கும் பெர்மிட் தந்துவிடும்.

வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குப் பெரிய தடை டோனஹ்யூ கணவாய். யோசெமிட்டியை விட்டு வெளியேறும் அந்த இடத்தைத் தாண்ட ஒரு நாளைக்கு 45 பேருக்குத்தான் இடம். எத்தனையோ பேர் போட்டியிடுவது இந்த 45-க்காகத்தான். ஆகவே விண்ணப்பிக்கும்போது, டோனஹ்யூ கணவாய்க்குத் தகுதி உள்ளது என்று பெயரிலேயே குறித்திருக்கும் டிரெயில்ஹெட்டை (நடை தொடங்கும் இடத்தை) மட்டும் தேர்ந்தெடுங்கள். அவை இரண்டு: ஹேப்பி ஐல்ஸ், லயல் கேன்யன். லிட்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்கு வரைக்குமான சாதாரண ஹேப்பி ஐல்ஸ் பெர்மிட்டும் அதே பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் அதை எடுத்துவிட்டால் கணவாயைத் தாண்ட முடியாது. அங்குதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தகுதியுள்ள ஹேப்பி ஐல்ஸ் பெர்மிட்டில் முதல் இரவே லிட்டில் யோசெமிட்டியைத் தாண்டித்தான் கூடாரம் போட வேண்டும். முழு மூட்டையோடு முதல் நாளே 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். அது கடினம் என்றால் லயல் கேன்யனை எடுங்கள். அங்கே ஏற்றம் மெதுவானது, ஆனால் டிரெயிலின் முதல் பகுதி விட்டுப்போகும். அந்தப் பாதை தொடங்கும் டுவாலமி மெடோஸிலிருந்து 4 மைல் கடந்த பிறகே முகாமிட அனுமதி.

இடங்களில் 60 சதவீதம் ரிக்ரியேஷன்.கவ் (recreation.gov) என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் வாராந்திர லாட்டரியில் போகிறது. தொடங்கும் நாளுக்கு ஏறத்தாழ 24 வாரம் முன்பு லாட்டரி திறக்கும். ஜூலையில் நடக்க நினைத்தால் ஜனவரியிலேயே தயாராக இருக்க வேண்டும். உங்கள் வாரத்துக்கான சரியான தேதியை யோசெமிட்டியின் அட்டவணையில் பாருங்கள். ஞாயிறு திறந்து சனி இரவு மூடுவார்கள். இடையில் எப்போது போட்டாலும் வாய்ப்பு ஒன்றுதான், முந்திப் போட்டதற்குச் சலுகை கிடையாது. திங்களன்று முடிவு வரும். கிடைத்தால் வியாழன் இரவுக்குள் ஏற்றுப் பணம் கட்ட வேண்டும், மறந்தால் இடம் போய்விடும். மீந்த இடங்கள் வெள்ளி காலை 9 மணிக்குப் பொதுவில் வரும். இவையெல்லாம் பசிபிக் நேரம். ஜனவரியில் காலை 9 என்பது இந்தியாவில் இரவு 10.30. விண்ணப்பத்துக்கு 10 டாலர், அது திரும்ப வராது. கிடைத்தால் ஆளுக்கு 5 டாலர்.

ஒரே விண்ணப்பத்தில் பல தேதிகளையும் இரண்டு டிரெயில்ஹெட்டையும் வரிசைப்படுத்திக் கொடுக்கலாம், கொடுங்கள். குழு சிறியதாக இருந்தால் வாய்ப்பு கூடும். 4 பேர் கேட்கும் இடத்தில் 2 மட்டும் மீந்திருந்தால் அது உங்களுக்குப் பயன்படாது.

மிச்ச 40 சதவீதம் தொடங்கும் நாளுக்கு 7 நாள் முன்பு காலை 7 மணிக்கு வரும். கலிஃபோர்னியாவிலேயே இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. விமான டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

லாட்டரி கைவிட்டால் திசையை மாற்றுங்கள். தெற்கே இன்யோ தேசிய வனத்தின் காட்டன்வுட் பாஸ் அல்லது காட்டன்வுட் லேக்ஸிலிருந்து வடக்கே நடந்தால் டோனஹ்யூவின் 45 பேர் வரம்பு பொருந்தாது. இங்கே லாட்டரி இல்லை. 60 சதவீதம் 6 மாதம் முன்பும், மீதி 2 வாரம் முன்பும் பதிவுக்கு வரும். விட்னி சிகரத்துக்கு மேற்கிலிருந்து ஏறி அதே பக்கம் இறங்கலாம், அதற்குத் தனி பெர்மிட் வேண்டாம். சிகரத்தின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள விட்னி போர்ட்டலில் தொடங்குவது வேறு கதை. அதற்குத் தனி லாட்டரி, போட்டியும் கடுமை. யோசெமிட்டியிலிருந்து வருகிறவர்கள் வெளியேறும் இடமாக விட்னி போர்ட்டலைப் பெர்மிட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட்டை முந்தின நாளோ, அன்று காலை 10 மணிக்குள்ளோ நேரில் வாங்க வேண்டும். குழுத் தலைவர் அடையாள அட்டையோடு வர வேண்டும். உணவு வைக்க, கரடியால் திறக்க முடியாத கரடிப் பெட்டி கட்டாயம். இல்லாவிட்டால் பெர்மிட் வாங்கும் இடத்திலேயே வாடகைக்குக் கேளுங்கள். பெர்மிட் இருப்பவர்கள் முந்தின இரவு யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பேக்பேக்கர்களுக்கான முகாமில் தங்கலாம், முன்பதிவு தேவையில்லை.