சல்பைடா, சல்பைட்டா? வேதிப் பெயர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் டியூஷன் படித்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தேர்வுத் தாளில் "சோடியம் சல்பைட்" என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் போட்ட வாய்பாடு சரி: இரண்டு சோடியம், ஒரு கந்தகம், மூன்று ஆக்சிஜன். பெயருக்கு மட்டும் மதிப்பெண் போய்விட்டது. திருத்தியவர் அதை 'சல்பைடு' என்று படித்துவிட்டார். அவளுக்கு வந்த அழுகை நியாயமானது. ஆனால் தாளை நான் வாங்கிப் பார்த்தபோது, எனக்கும் அதை இரண்டு விதமாகவும் படிக்க முடிந்தது.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற சிக்கல் இது. மெலிந்து ஒலிக்கும் ட (ஆங்கில d), வலிந்து ஒலிக்கும் ட (ஆங்கில t) என்று நமக்கு இரண்டு எழுத்துகள் கிடையாது. ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்ட நம் எழுத்துமுறையிலேயே வழி இருக்கிறது. பாடு, பாட்டு; காடு, காட்டு. ஒற்றையாக வந்தால் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வலிந்து ஒலிக்கும். அதையே இங்கும் செய்யுங்கள்: ஆக்சிஜன் இல்லாதது சல்பைடு, ஆக்சிஜன் சேர்ந்தது சல்பைட்டு. 'சல்பைட்' என்று வெறும் புள்ளி வைத்த ட்-இல் நிறுத்துவதுதான் ஆபத்து. நைட்ரைடு, நைட்ரைட்டு, குளோரைடு, குளோரைட்டு. புத்தகத்தில் புள்ளியோடு அச்சிட்டிருந்தாலும் உங்கள் கையெழுத்தில் இப்படி எழுதுங்கள், பக்கத்தில் வாய்பாட்டையும் போட்டுவிடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு மாணவன் பத்தாவது வரை பிரெஞ்சு வழியில் படித்தவன். அவனுக்கு இந்தக் குழப்பமே வரவில்லை. காரணம், அந்த மொழியில் சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு மூன்றும் முறையே சல்ஃப்யூர், சல்ஃபித், சல்ஃபாத். முதலாவதன் விகுதியே வேறு. இந்த விகுதி முறைக்கு அடித்தளம் போட்டவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தாம்: 1787-இல் பாரிசில் லவாய்சியே, கித்தோன் த மோர்வோ, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா ஆகிய நால்வரும் சேர்ந்து பெயரிடும் முறையை வெளியிட்டார்கள். ஆனால் அந்த மாணவன் வேறு இடத்தில் தடுமாறினான். பிரெஞ்சில் சாப்பாட்டு உப்பு 'குளோரூர் த சோதியோம்', அதாவது குளோரைடு முன்னால் வரும். நாம் சொல்லும் முறையில் நேர்மின் அயனி முன்னால், எதிர்மின் அயனி பின்னால். வாய்பாடு எழுதும் வரிசையும் அதுவே.

விகுதிக்குப் பொருள் என்ன என்பதில் அடுத்த தவறு. சல்பைட்டில் மூன்று ஆக்சிஜன் என்று மனப்பாடம் செய்தவர்கள், நைட்ரைட்டிலும் மூன்று போட்டுவிடுகிறார்கள். 'ஐட்டு' என்பது ஒரு எண் அல்ல. அதே தனிமத்தின் 'ஏட்டு' அயனியைவிட ஆக்சிஜன் குறைவு என்று மட்டுமே அது சொல்கிறது. சல்பேட்டில் நான்கு, சல்பைட்டில் மூன்று. நைட்ரேட்டில் மூன்று, நைட்ரைட்டில் இரண்டு. ஆக ஏட்டு அயனிகளை முதலில் பாடம் செய்யுங்கள்; ஒன்றைக் கழித்தால் ஐட்டு கிடைத்துவிடும். குளோரினுக்கு நான்கு படிகள் உண்டு: ஹைப்போகுளோரைட்டு, குளோரைட்டு, குளோரேட்டு, பெர்குளோரேட்டு. ஆக்சிஜன் முறையே 1, 2, 3, 4. குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் இதில் முதல் படியைச் சேர்ந்தது.

ஆக்சிஜன் ஒன்று குறைந்தால் மின்சுமையும் குறையும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. குறையாது. சல்பேட்டுக்கும் சல்பைட்டுக்கும் எதிர்மின்சுமை இரண்டுதான். நைட்ரேட்டுக்கும் நைட்ரைட்டுக்கும் ஒன்றுதான். அப்புறம், 'ஐடு' என்று முடிந்தாலே ஒற்றைத் தனிமம் என்று நம்பிவிடாதீர்கள். ஹைட்ராக்சைடில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன, சயனைடில் கார்பனும் நைட்ரஜனும். இந்த இரண்டையும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஆய்வகம் ஒரு காரணம். சல்பைடு உப்பின் மேல் நீர்த்த அமிலம் விட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். சல்பைட்டின் மேல் விட்டால் மூக்கை அடைக்கும் சல்பர் டைஆக்சைடு வரும். இரண்டும் நச்சு வாயு, ஆனால் இரண்டும் வேறு. பெயரில் ஒரு புள்ளி செய்கிற வேலை இது.

இனி உலோகங்கள். இரும்பு, செம்பு போன்றவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை உண்டு என்பதால் பெயரின் நடுவே அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் போடுகிறோம். (இங்கே எளிமைக்காகச் சாதாரண எண்ணாகவே எழுதுகிறேன்.) அந்த எண் அணுக்களின் எண்ணிக்கை என்று நினைப்பதுதான் நான் வருடா வருடம் பார்க்கும் தவறு. இரும்பு(3) குளோரைடில் குளோரின் மூன்று இருப்பதால் அந்த நினைப்பு இன்னும் உறுதிப்படுகிறது. ஆனால் அங்கே அது தற்செயல்.

செம்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு செம்பு, ஒரு ஆக்சிஜன் உள்ள சிவப்பு ஆக்சைடு இருக்கிறது. இரண்டு செம்பு இருப்பதைப் பார்த்ததும் 'காப்பர்(2) ஆக்சைடு' என்று எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போடுங்கள். ஆக்சைடு அயனிக்கு எதிர்மின்சுமை இரண்டு. அதை இரண்டு செம்பு அயனிகள் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று. ஆகவே அது காப்பர்(1) ஆக்சைடு. ஒரு செம்பும் ஒரு ஆக்சிஜனும் உள்ள கறுப்பு ஆக்சைடுதான் காப்பர்(2) ஆக்சைடு. கடலூர் முதுநகர் துறைமுகத்துப் படகுகளில் ஏறும் துருவில் இருப்பது நீரேறிய இரும்பு(3) ஆக்சைடு. நீரை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்சிஜன்: இரண்டு மும்மூன்று ஆறு, மூன்று இரண்டிரண்டு ஆறு. மின்சுமை சரியாகிவிட்டது.

பழைய பெயர்களிலும் இதே மாதிரி ஒரு பொறி. இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் 'பெரஸ்' என்று இருக்கும், அது இரும்பு(2). 'பெரிக்' என்றால் இரும்பு(3). இதை வைத்து 'அஸ் என்றால் 2, இக் என்றால் 3' என்று விதி செய்துகொள்ளாதீர்கள். குப்ரஸ் என்பது செம்பு(1), குப்ரிக் என்பது செம்பு(2). குறைந்தது அஸ், கூடியது இக், அவ்வளவுதான்.

மோனோ, டை, ட்ரை எங்கே போடுவது? அலோகமும் அலோகமும் சேரும் இடத்தில். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு என்று எண்ணிச் சொல்லாவிட்டால் எது என்று தெரியாது. கால்சியம் குளோரைடில் அந்தத் தேவை இல்லை, கால்சியத்தின் மின்சுமை எப்போதும் இரண்டுதான். 'கால்சியம் டைகுளோரைடு' என்று பள்ளிப் பாடத்தில் எழுத வேண்டாம்.

அம்மோனியா வேறு, அம்மோனியம் வேறு. மூன்று ஹைட்ரஜன் உள்ள, மின்சுமையில்லாத வாயு அம்மோனியா. நான்கு ஹைட்ரஜனோடு நேர்மின்சுமை ஒன்று பெற்ற அயனி அம்மோனியம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்க்கும் நவச்சாரம், அம்மோனியம் குளோரைடு.

பைகார்பனேட்டில் வரும் 'பை' பலரை ஏமாற்றும். ஆப்பசோடா சோடியம் பைகார்பனேட்டு. அதில் கார்பனேட்டு இரண்டு இல்லை. சலவை சோடாவில் இரண்டு சோடியத்துக்கு ஒரு கார்பனேட்டுப் பங்கு. ஆப்பசோடாவில் ஒரு சோடியத்துக்கே ஒரு பங்கு. சோடியத்தோடு ஒப்பிட்டால் இரு மடங்கு என்பதால் பழைய வேதியியலாளர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள். சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட்டு என்ற பெயரே தெளிவு, அதையே பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அமிலங்கள். ஏட்டு அயனியிலிருந்து வந்தால் இக், ஐட்டிலிருந்து வந்தால் அஸ்: சல்பேட்டுக்குச் சல்பியூரிக், சல்பைட்டுக்குச் சல்பியூரஸ். ஐடு என்றால் முன்னால் ஹைட்ரோ சேரும், பின்னால் இக் வரும்: குளோரைடுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆனால் இந்தப் பெயர் நீரில் கரைந்த நிலைக்கு மட்டுமே. நீரில் கரைக்காமல் வாயுவாகவே இருந்தால், அது ஹைட்ரஜன் குளோரைடு. "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டவர்கள் குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது, ரசாயன டேங்கர் லாரிகளைத் தினம் பார்க்கிறவர்கள். லாரியின் எச்சரிக்கைப் பலகையில் உள்ள நான்கு இலக்க ஐநா எண்ணைக் குறித்துவரச் சொல்கிறேன், தூரத்தில் நின்றபடி மட்டும். 1830 என்றால் சல்பியூரிக் அமிலம். 1824, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 1789. நீரற்ற ஹைட்ரஜன் குளோரைடுக்கு 1050.